வாங்கறப்பவே மூடி இல்லீங்க

இடிக்குதுங்களா தம்பி? இருங்க, இப்புடித் திருப்பி வெச்சுக்கறேன். சாக்குக்குள்ள இரும்புதான், கூரெல்லாம் கெடையாது, பயப்படாதீங்க. மேல வெச்சா பிரேக் போடறப்ப எவன் மண்டைலயாவது விழும். அதுக்கும் என்னையத்தான் கேப்பாங்க. கண்டக்டரப் பார்த்தீங்கல்ல? லக்கேஜ் போடோணுமாம். மடியில வெச்சிருக்கறதுக்கு என்னப்பா லக்கேஜு, கைக்கொழந்தைக்கும் போடுவியான்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். பதில் தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு.

பொள்ளாச்சிங்களா? செரி செரி. நான் ஒத்தக்கால்மண்டபம். அங்க ஒரு ஷெட்டு போட்டிருக்கறனுங்க. மோட்டார் பம்பு வெளியூருக்கு அனுப்பறாங்கல்ல, அதுக்கு மரப்பெட்டி அடிச்சுக் குடுக்கறேன். சென்னியப்பன் பெட்டின்னா அந்தப் பக்கம் தெரியும். நீங்க பேங்க்ல வேலையா? பார்த்தாலே தெரியுது. ஒக்காந்த எடத்துல வேலை. நல்லதுதான், யாராவது ஒக்காரோணுமல்ல.

சாக்கையே பார்க்கறீங்களே, என்னன்னு கேட்டா என்ன? ரம்பத்துக்கு மூடிங்க. எந்த ரம்பம்னு முழிக்காதீங்க. மேசை மாதிரி இருக்கும், நடுவுல வட்ட பிளேடு எட்டிப் பார்த்துக்கிட்டுச் சுத்தும், பலகைய இந்தப் பக்கமிருந்து தள்ளுனா ரெண்டாப் பொளந்து அந்தப் பக்கம் போகும். அந்த பிளேடு மேல கவுத்து மாட்டற மூடி. கை போகாம இருக்கறதுக்கு. அவ்வளவுதான் விசயம். இந்த ஒரு மூடிக்கு அஞ்சு மாசமா அலையறேன். இந்தக் கோயமுத்தூர்ல தெருவுக்கு நாலு பட்டறை, எதக் கேட்டாலும் செஞ்சு குடுப்போம்னு பீத்திக்கறானுங்க. ஒரு மூடி இல்ல. நானும் மெஷின் வாங்கறப்ப எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். திருப்பூர்ப் பக்கம் ஒருத்தர் பட்டறைய மூடறப்ப வித்தாரு. பழசுதான், ஆனா வார்ப்பிரும்பு, நாலு பேரு சேர்ந்தாலும் அசைக்க முடியாது. என்ன, வாங்கறப்பவே மூடி இல்லீங்க.

மூடி இல்லாம ஓட்டலாமே, எல்லாரும் அப்புடித்தான ஓட்டறாங்கன்னு கேப்பீங்க. ஓட்டலாம். என்ற சம்சாரம் வர மாட்டேங்கறா. சாந்தாமணின்னு பேரு. இருபத்திரண்டு வருசமா நானும் அவளும் ஒட்டுக்கா வேலை பார்க்கறோம். அவ இந்தப் பக்கம் நின்னு தள்ளுவா, நான் அந்தப் பக்கம் நின்னு இழுப்பேன். பேசவே தேவையில்லீங்க. நான் தலைய ஒரு ஆட்டு ஆட்டினா அவளுக்குப் புரியும், முக்கால் இஞ்சா, ஒண்ணரை இஞ்சான்னு. இப்ப அஞ்சு மாசமா ஷெட்டு வாசப்படிய மிதிக்கல. "மூடிய மாட்டுங்க, வாரேன்"னு சொன்னா. அழுகல, சண்டை போடல. அதோட செரி, அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல.

அவளுக்குப் பதிலா ரெண்டு பேர வெச்சுப் பார்த்தேன். ஒருத்தனுக்கு ஒரு கைல பலகை, ஒரு கைல ஃபோனு. இன்னொருத்தன் காது கேக்காதவனாட்டம் நிப்பான், மைக் வெச்சுத்தான் சொல்லோணும். ரெண்டு பேரையும் போங்கடான்னுட்டேன். இப்ப நானே தள்ளி, நானே ஓடிப்போய் இழுத்துக்கிட்டு இருக்கறேன். பார்க்கறவனெல்லாம் சிரிக்கறான்.

ஏன் வர மாட்டேங்கறாங்கன்னா... அவளுக்கு விரல் போச்சுங்க. இடது கைல. ஆள்காட்டி விரலும் நடுவிரலும், நகத்தோட ஒரு கணு. கார்த்திகை அமாவாசை முடிஞ்சு மக்கா நாளு.

அச்சச்சோ எல்லாம் வேண்டாங்க. அதான் ஆறிடுச்சல்ல.

இந்த மூடி தேடுன கதையக் கேளுங்க, அதுதான் வேடிக்கை. மொதல்ல மெஷின் செஞ்ச கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எங்கியோ வடக்க. நம்மூர்ப் பையன் ஒருத்தன விட்டு இந்தில பேசச் சொன்னேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் சொந்தக்காரனாட்டம் சிரிச்சுப் பேசறாங்க. வெச்சதுக்கு அப்பறம் என்னடா சொன்னான்னா, அந்த மாடல நிறுத்தி வருசக்கணக்காச்சாம், வேணும்னா புது மெஷின் வாங்கிக்கச் சொன்னானாம். சட்டைல ஒரு பட்டன் போனா புதுசாக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுவானாட்டம் இருக்குது.

அப்பறம் டவுன்ல பெரிய கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, செருப்பக் கழட்டிட்டு வாங்கங்கறான். இரும்பு விக்கற கடைல செருப்பக் கழட்டோணுமாம்! உள்ள ஒருத்தன் கழுத்துல பட்டை மாட்டிக்கிட்டு நிக்கறான். பிளேடு மூடி வேணுங்கன்னேன். கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டி, கல்லு அறுக்கற மெஷினோட மூடிய எடுத்து நீட்டறான். உள்ளங்கை அளவு. தம்பி, இதுக்குள்ள என்ற பிளேடு எங்கப்பா போகும்னா, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க சார்"ங்கறான். எதைய அட்ஜஸ்ட் பண்ணறது? கையவா?

அங்கயே ஒரு முதலாளி இருந்தாரு. விபூதி, சந்தனம், எல்லாம் அமர்க்களமாத்தான் இருந்துச்சு. அவரு சிரிக்கறாரு தம்பி. "மூடியா? எங்கிட்ட மூடியோட வாங்கிட்டுப் போறவங்களே மக்கா நாளு கழட்டி எறிஞ்சுடறாங்க, நீங்க மூடி தேடிக்கிட்டு வர்றீங்க?" சொல்லிட்டு அங்க நிக்கறவங்களப் பார்த்து வேற சிரிக்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க. ஏனுங்க, கைன்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமான்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டேன். பொறுப்பில்லாதவங்க. மூடி இல்லாம ஓட்டறவன் எல்லாம் மனுசனே இல்லன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

என்ன பார்க்கறீங்க? செரியாத்தான சொன்னேன்?

அப்பறம் கணபதில ஒரு தகர வேலைக்காரன். கெட்டிக்காரன்னு சொன்னாங்க. கெட்டிக்காரத்தனத்த நான் பார்த்தேன். "பழைய மூடி இருந்தாக் கொண்டாங்க, அதே மாதிரி அடிச்சுக் குடுத்தர்றேன்"ங்கறான். பழைய மூடி இருந்தா நான் எதுக்குய்யா உன்ற வாசல்ல வந்து நிக்கறேன்? வாங்கறப்பவே மூடி இல்லன்னு எத்தனை தடவை சொல்றதுன்னேன். செரின்னு அளவெடுத்து ஒண்ணு செஞ்சான். முறுக்கு டப்பாவக் கவுத்து வெச்சாப்புல இருந்துச்சு. மாட்டி சுவிச்சப் போட்டேன், பிளேடு தகரத்துல பட்டு சர்ருன்னு நெருப்பு பறக்குது. வீட்டு ஜன்னல்ல நின்னு சாந்தாமணி பார்த்துக்கிட்டு இருந்தா. ஜன்னலச் சாத்திக்கிட்டா.

ஈச்சனாரி வந்திருச்சு, இருங்க. பிள்ளையாரப்பா. ம். இங்கயும் பாருங்க, புதுக் காருக்குப் பூஜை போட்டு நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கறான். நசுக்கட்டும். நானும் அந்தக் காரியத்துல குறை வெச்சதில்லீங்க. மெஷினுக்கு மாசாமாசம் அமாவாசைக்குப் புது எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மொளகா, கோத்துக் கட்டிருவேன். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய். அதனாலதான் ரெண்டு விரலோட போச்சு. இல்லாட்டி மணிக்கட்டே போயிருக்கும்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

இருங்க, ஃபோனு. அவதான்.

அலோ. ம்... பஸ்லதான் வாரேன். கூட்டம். இல்ல... இல்ல சாந்தா, கெடைக்கல. எங்க கெடைக்குது. ம். செரி. வெச்சுர்றேன்.

என்ன தம்பி அப்புடிப் பார்க்கறீங்க? மடியில வெச்சுக்கிட்டு இல்லேங்கறானே, இவனென்ன மரை கழண்ட ஆளான்னா? காரணம் இருக்குதுங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குது. இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாருங்க. தின்னர். பெயிண்ட அழிக்கறது. மோந்து பார்க்காதீங்க, தலை சுத்தும்.

இன்னைக்குக் காலைல உக்கடம் போனேன். பழைய இரும்புக் கடை அங்க வரிசையா இருக்குதல்ல. அதுல அபுதாகிர்னு ஒருத்தன் கடை. அவன் கடைக்கு மட்டும் இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் "இல்லீங்ணா, வந்தா சொல்றேன்"ம்பான். இன்னைக்கும் அதையேதான் சொன்னான். நான் கெளம்பறேன், தூறல் போட்டுச்சு, செரின்னு அவன் கடைக் கூரைக்குக் கீழ ஒதுங்கினேன். ஒதுங்கிட்டுச் சும்மா நிமிந்து பார்க்கறேன், செவுத்துல சுவிச்சு பாக்ஸ் மேல மழைத்தண்ணி படாம இருக்கறதுக்கு ஒரு இரும்பக் கவுத்து அடிச்சு வெச்சிருக்கறான். மூடி!

நாலு தடவை தம்பி! நாலு தடவை அந்த மூடிக்குக் கீழ நின்னுதான் அவங்கிட்ட மூடி இருக்குதான்னு கேட்டிருக்கறேன். அவனும் அதுக்குக் கீழ நின்னுதான் இல்லீங்ணான்னிருக்கறான். இவனெல்லாம் கடை வெச்சு யாவாரம் பண்ணி... செரி, எனக்கும் கண்ணு இருந்துச்சல்ல.

எறக்கித் தாய்யான்னேன். எறக்கித் தொடச்சான். தொடச்சா, பக்கவாட்டுல வெள்ளைப் பெயிண்ட்ல எழுத்து. கை பத்திரம்னு எழுதியிருக்குது.

அபுதாகிர் சொல்றான், "பாருங்ணா, பொம்பளைக் கையெழுத்து. யாரோ ஒரு அம்மா எழுதியே குடுத்திருக்குது. அதையும் ஒரு கூறுகெட்டவன் கழட்டி எடைக்குப் போட்டிருக்கறான். வண்டில பழைய இரும்பு எடுக்கறவரு கொண்டாந்தாரு. இதப் படிச்சதுக்கு அப்பறம் உருக்கறதுக்கு அனுப்ப மனசு வரலீங்ணா, அதான் மாட்டி வெச்சேன்"ங்கறான்.

ஆமாப்பா, கூறுகெட்டவன்தான்னேன். வேற என்ன சொல்றது?

அட, வெளிய என்ன பார்க்கறீங்க? உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. பேங்க்காரருக்குக் கூடப் புரியற விசயந்தான். இந்த பஸ்ஸுல இன்னும் பத்து நிமிசம் ஒக்காந்திருப்பேன், அப்பறம் நீங்க யாரோ, நான் யாரோ. சொன்னா என்ன குடி முழுகிப் போகுது?

மூடி இருந்துச்சுங்க. மெஷினோடயேதான் வந்துச்சு. வந்த வாரமே ஆயுத பூஜை. எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சுக்கிட்டு இருந்தோம். சாந்தாமணிகிட்டப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் குடுத்து, மூடில முருகன் துணைன்னு எழுதுன்னேன். அவ கை பத்திரம்னு எழுதி வெச்சிருக்கறா. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. சாமி பேரு எழுதச் சொன்னா பஸ்ல எழுதற மாதிரி எழுதி வெச்சிருக்கறயேன்னேன். அதா, உங்க தலைக்கு மேல இருக்குது பாருங்க, கரம் சிரம் புறம் நீட்டாதீர்னு. எவன் படிக்கறான்? நீங்களே ஏறுனதுல இருந்து கைய வெளிய விட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கறீங்க. அதுவும் அவ எழுத்து, கோழி கெளறுனாப்புல இருக்கும்.

பூஜை முடிஞ்ச மக்கா நாளு நான் மூடியக் கழட்டி ஓரமா வெச்சேன். அது இருந்தா கோடு தெரியாதுங்க, வேலை ஓடாது. எவனும் அத மாட்டிக்கிட்டு ஓட்டறதில்ல, உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் காலைல பார்த்தா மாட்டியிருக்குது. அவளே ஸ்பேனர எடுத்து முடுக்கியிருக்கறா. நான் கழட்டினேன். அடுத்த நாள் மறுபடி மாட்டியிருக்குது. இப்புடி ஒரு வாரம். வாயத் தொறந்து பேச மாட்டா, மாட்டி மட்டும் வெச்சிருவா. எனக்கு வந்துச்சே கோவம். என்ற மெஷின் எப்புடி ஓட்டறதுன்னு எனக்கு இவ சொல்லித் தர்றதான்னு, தெருவுல பழைய இரும்பு வண்டி போச்சு, கூப்பிட்டு மூடிய எடைக்குப் போட்டுட்டேன். மூடி மாட்டற போல்ட்டு ஓட்டை காலியா இருந்துச்சல்ல, அதுல எலுமிச்சம்பழத்தையும் மொளகாயையும் கோத்துக் கட்டினேன். "இந்தா, உனக்குக் காவல் கட்டிட்டேன், போதுமா"ன்னேன்.

அவ எலுமிச்சம்பழத்தப் பார்த்தா. என்னையப் பார்த்தா. போய்ப் பலகைய எடுத்தா.

ஒரு வருசம் ஒண்ணும் ஆகல தம்பி. ஒரு வருசம்! நான் சொன்னதுதான செரி? அன்னைக்குப் பெட்டி ஏத்த லாரிக்காரன் வந்து நின்னு ஆரனடிச்சுக்கிட்டு இருந்தான். நான்தான் சத்தம் போட்டேன், என்ன அசஞ்சுக்கிட்டு நிக்கற, தள்ளு தள்ளுன்னு. பலகைல ஒரு கணு. பிளேடு அதுல பட்டுப் பலகை துள்ளுச்சு. மெஷின் நிக்கறதுக்குள்ள அவ கைய முந்தானைல சுத்திக்கிட்டா. நான் பார்க்கக் கூடாதுன்னு சுத்துனாப்புல இருந்துச்சு. முந்தின நாள் கட்டின எலுமிச்சம்பழம், பளபளன்னு தொங்குது.

ஆஸ்பத்திரில டாக்டரு என்னையத்தான் கேட்டாரு. "மெஷினுக்கு மூடி இல்லியா?" இவ்வளவு பேசறேனல்ல, அன்னைக்கு மருந்துச் சீட்ட மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டு நின்னேன். அவ படுத்துக்கிட்டே சொன்னா, "வாங்கறப்பவே மூடி இல்லீங்க"ன்னா.

அவ சொன்னதுதாங்க அது. நான் அதப் பிடிச்சுக்கிட்டேன். அன்னையில இருந்து பார்க்கறவன்கிட்ட எல்லாம் அதத்தான் சொல்றேன். உங்ககிட்டயும் அதத்தான சொன்னேன்?

இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. உன்னாலதான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், தீந்திருக்கும். கேக்க மாட்டேங்கறா. வெள்ளிக்கெழமைன்னா உதிரிப் பூ வாங்கி அவளே கட்டுவா, மல்லிய நெருக்கமா, அவளாட்டம் கட்ட எங்க வீதில ஆளில்ல. இப்ப அந்த ரெண்டு விரல்ல காம்பு நிக்கறதில்ல. "கட்டுன பூவாவே வாங்கிட்டு வந்துருங்க"ங்கறா. அவ்வளவுதான். கட்டுன பூவ வாங்கிட்டு நடந்து வாரப்ப எனக்கு என்ற கையவே வெட்டிப் போட்டறலாம்னு இருக்குது தம்பி.

அதுக்குத்தான் தின்னர். எறங்குனதும் மயானத்துக்கிட்ட ஒரு புளியமரம் இருக்குது, யாரும் வர மாட்டாங்க. அங்க ஒக்காந்து எழுத்த அழிச்சுட்டு, மேல ஒரு பச்சைப் பெயிண்ட அடிச்சுட்டு, நாளான்னைக்குக் கொண்டுபோய் மாட்டிட்டு, எங்கியோ தேடிப் பிடிச்சுட்டேன்னு சொல்லிரலாம்னு. ஐடியா எப்புடி? நல்லாத்தான இருக்குது?

சொல்லுங்களேன். இத்தனை நேரம் என்ற கதையக் கேட்டீங்கல்ல, ஒரு வார்த்தை சொன்னா என்ன? நீங்களும் அவளாட்டமே ஒக்காந்திருக்கறீங்களே!

இருங்க.

அலோ. சாந்தா. நான்தான். பஸ்லதான் இருக்கறேன். கெடைச்சிருச்சு... அட, இப்ப இல்லன்னேன், இப்ப இருக்குதுங்கறேன், கேளு. நம்முளுதேதான். உக்கடத்துல இருந்துச்சு. ஆமா... உன்ற எழுத்துதான். அழியல. அப்புடியே இருக்குது. நான் அழிக்கல. சாந்தா? அலோ? லைன்ல இருக்கறயா? ம்... ஆணில. காலண்டருக்குப் பக்கத்துல ஆணில மாட்டியிருக்கறேன் பாரு. எதுக்கு? ம். ம். செரி.

வெச்சுட்டா.

திட்டுவான்னு பார்த்தனுங்க. இன்னைக்காவது திட்டுவான்னு பார்த்தேன். ஷெட்டுச் சாவி எங்கன்னு கேக்கறா தம்பி. அந்த எலுமிச்சம்பழம் காஞ்சு தொங்கிக்கிட்டு இருக்குமே, நீங்க வாரதுக்குள்ள கழட்டிப் போட்டு, ஓட்டையத் தொடச்சு வெக்கறேங்கறா.

ம்.

யோவ் கண்டக்டர், ஒத்தக்கால்மண்டபம் தாண்டிரப் போகுது! விசில வாய்க்கு அழகுக்கா வெச்சிருக்கற? வழி விடுங்க தம்பி. இந்தத் தின்னர் இனி வேண்டியதில்ல, பையிலயே கெடக்கட்டும். சாக்கு மட்டும் காலுல தட்டாமப் பார்த்துக்கங்க.

தம்பி, கைய உள்ள எடுங்க. லாரி வருது.